நூற்று ஐம்பத்தொரு புள்ளிகள்

ஜனவரி 8

பெரியவர் கூப்பிட்டார். செயற்பொறியாளரை அலுவலகத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். வயதில் என்னைவிட நான்கு வருடம் சின்னவர். ஊரில் மஞ்சள் காமாலை பரவியதை வரைபடத்தில் படம் ஓடுவதுபோலக் காட்ட வேண்டுமாம். எந்தத் தேதியில் எந்த வீடு, அங்கிருந்து எப்படிப் பரவியது என்று விசாரணைக் குழு பார்க்கப் போகிறது. அதற்கு எந்த மென்பொருள் சரிப்படும் என்று மூன்றைச் சோதித்து, மாத முடிவுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

"உங்க வீட்டுல நடந்தது தெரியும்மா. வேற ஆள் இருந்தா உங்ககிட்ட குடுத்திருக்க மாட்டேன்."

வேறு ஆள் இல்லை. குடிநீர்த் துறையில் வரைபடப் பிரிவு என்றால் நான், ஒரு பெரிய மேசை, ஒரு கணினி. இருபத்தாறு வருடமாக இந்த ஊரின் குழாய்களை வரைந்துகொண்டிருக்கிறேன். முதலில் மையில், பிறகு சுட்டியில்.

சரி என்றேன். இன்றோடு அவள் போய் இருபத்து மூன்று நாள்.

ஜனவரி 10

சுகாதாரத் துறை டாக்டரம்மா பட்டியல் அனுப்பிவிட்டார். நூற்று நாற்பத்து மூன்று வரிகள். பெயர் கிடையாது. எண், வயது, தெரு, வீடு இருக்கும் இடம், காய்ச்சல் தொடங்கிய தேதி. கடைசிக் கட்டத்தில் 'குணம்' அல்லது 'மரணம்'.

மரணம் நான்கு. அறுபத்தோராம் எண்: பெண், 27, மேட்டுத் தெரு, டிசம்பர் 4. கர்ப்பம் எட்டாம் மாதம்.

என் தம்பி மனைவி. வீட்டில் அவளுக்குச் 'சின்னவள்' என்றுதான் பேர். அதே குழாய்த் தண்ணீரைத்தான் நானும் தம்பியும் குடித்தோம். எங்களுக்கு ஒரு தலைவலி கூட இல்லை. "மத்தவங்களுக்கு வந்துட்டுப் போயிடும் மேடம். கர்ப்பிணிக்குத்தான் உயிருக்கே உலை வைக்கும்" என்று ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றைக்கே டாக்டரம்மா சொன்னார். பன்னிரண்டு நாள் இருந்தாள். குழந்தையும் உள்ளேயே.

அவளை ஒரு எண்ணாக்கி, இடத்தில் வைத்து, தேதி போட்டு ஓடவிட வேண்டும். இதுதான் என் வேலை.

ஜனவரி 13

முதல் மென்பொருள். இலவசமானது. பார்க்க அழகில்லை, பொத்தான்கள் எல்லாம் எங்கோ ஒளிந்திருக்கின்றன. பட்டியலை உள்ளே விட்டேன். ஓட்டினால் ஏப்ரலில் புள்ளிகள் பூக்கின்றன! ஏப்ரலில் ஏது காமாலை? அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு புரிந்தது. 4/12 என்பதை ஏப்ரல் பன்னிரண்டு என்று படித்திருக்கிறது.

ஏப்ரல் பன்னிரண்டில் சின்னவள் என்ன செய்துகொண்டிருந்தாள்? கர்ப்பம்கூட இல்லை அப்போது. மாடியில் துணி உலர்த்திக்கொண்டு என்னோடு சண்டை போட்டிருப்பாள், கிளிப்புகளை நான் திருடிவிட்டதாக.

தேதிகளைத் திருத்தினேன். அவள் டிசம்பருக்குப் போனாள்.

ஜனவரி 15

இரண்டாவது மென்பொருளை விற்பவர் வந்திருந்தார். கழுத்துப்பட்டை, வழவழப்பான பேச்சு. ஒரு காப்பிக் கடை நிறுவனம் பத்து வருடத்தில் எத்தனை கிளை திறந்தது என்று ஓட்டிக் காட்டினார். புள்ளிகள் வாணவேடிக்கை மாதிரி. பெரியவர் வாயைப் பிளந்து பார்த்தார்.

"வாரம் வாரமா ஓடும் சார். ஒரு வாரத்துலேர்ந்து அடுத்த வாரத்துக்குக் குதிக்காது, நிறம் அப்படியே பரவிட்டே போகும். கண்ணை உறுத்தாது."

"உறுத்தக் கூடாதும்மா" என்றார் பெரியவர் என்னிடம். "குழுவுல வயசானவங்க நிறைய."

ஜனவரி 16

எல்லா மென்பொருளும் ஒரே கேள்வியைக் கேட்கிறது: ஒரு புள்ளி எத்தனை நாள் திரையில் தங்க வேண்டும்? ஏழு நாள் என்று அதுவாகவே போட்டு வைத்திருக்கிறது. ஏழு நாள் முடிந்ததும் மங்கி மறைந்துவிடும்.

அறுபத்தொன்று டிசம்பர் நான்கில் வந்து பதினொன்றில் மறைந்தது. பதினொன்றாம் தேதி அவள் உயிரோடு இருந்தாள். ஆஸ்பத்திரியில், "அண்ணி, கால் வீங்குது பாருங்க" என்றாள்.

ஏழை அழித்துவிட்டு 'எப்போதும்' என்று மாற்றினேன். பிறகு கழிவறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

ஜனவரி 17

தம்பி எங்கள் துறையிலேயே குழாய்ப் பராமரிப்பு சூப்பர்வைசர். நான் ஒரு மாடியில், அவன் தெருவில். லீவு முடிந்து வேலைக்குப் போகிறான், வருகிறான், வீட்டுக் குழாய்களை எல்லாம் கழற்றி வாஷர் மாற்றுகிறான். நேற்று மாற்றியதையே இன்றும்.

சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுக் கேட்டான்: "தண்ணிதான் காரணம்னு சொல்றாங்க. எங்கேன்னு ஒருத்தனும் சொல்ல மாட்டேங்கிறான். உன் மேப்புல தெரியுமாக்கா?"

"தெரியலாம்."

"எவன் வேலைன்னு மட்டும் சொல்லு. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

அவனுடைய பதினோரு வயதில் அம்மா போனதிலிருந்து அவனை நான் பார்த்துக்கொள்கிறேன். இப்படி ஒரு முகத்தை அவனிடம் பார்த்ததில்லை.

ஜனவரி 20

மூன்றாவது மென்பொருள் இணையத்திலேயே ஓடுவது. ஆனால் பட்டியலை அவர்கள் கணினிக்கு ஏற்ற வேண்டும். நோயாளிகளின் வீடுகளை வெளியாளுக்குக் கொடுக்கவே முடியாது என்றுவிட்டார் டாக்டரம்மா. ஆக, இரண்டில் ஒன்று.

ஜனவரி 21

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

காலையில் இலவச மென்பொருளில் வாரக் கணக்கை விட்டுவிட்டு ஒவ்வொரு நாளாக ஓட்டினேன். பக்கத்திலேயே குழாய்ப் பாதைகளையும் போட்டேன். நவம்பர் 21: ஒரு புள்ளி, மேட்டுத் தெரு. 22: ஒன்றுமில்லை. 23: இரண்டு, மேட்டுத் தெரு. 25: இன்னும் இரண்டு, அதுவும் அங்கேதான். ஐந்தும் ஒரே குழாயில், தபால் நிலையத்துக்கு எதிரே குழாய் சாக்கடையைத் தாண்டி வளைகிறதே, அந்த வளைவுக்குப் பிறகு. வளைவுக்கு முன்னால் இருக்கும் வீடுகளில் ஒன்றுகூட இல்லை. ஒன்பது நாள் கழித்துத்தான் அதே குழாய் போய் முடியும் கீழ்க் குடியிருப்பில் தொடங்குகிறது. அங்கே நெருக்கமான வீடுகள். கொத்துக் கொத்தாக.

கிருமி உள்ளே போய் நோய் வெளியே தெரிய ஐந்து வாரம் ஆகும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். ஐந்து வாரம் பின்னால் போனேன். புகார்ப் பதிவேட்டை எடுத்தேன். அக்டோபர் 17, வியாழன்: 'தபால் நிலையம் எதிரில் நீர்க்கசிவு. சரிசெய்யப்பட்டது.' கீழே கையெழுத்து. கடைசி எழுத்தின் வால் வளைந்து மேலே ஏறும் கையெழுத்து.

தம்பி.

ஸ்டோர் புத்தகத்தையும் பார்த்தேன். உடைந்த இடத்தை மூட இரும்புக் கப்ளிங் வேண்டும். அன்று அந்த இடத்துக்கென்று ஒரு கப்ளிங்கூட வெளியே போகவில்லை. மறுநாளும் இல்லை, அதற்கடுத்த வாரமும் இல்லை. எதையோ சுற்றிக் கட்டிவிட்டு வந்திருக்கிறான். தண்ணீர் வராத நேரத்தில் குழாய் சாக்கடையை உறிஞ்சியிருக்கிறது.

அக்டோபர் 17 எனக்கும் நினைவிருக்கிறது. அன்று சின்னவளுக்கு ஸ்கேன். இரண்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அவன் ஒன்றரைக்குச் சட்டையெல்லாம் சேறாக ஓடிவந்தான், குளிக்கக்கூட இல்லை. அவள் திட்டினாள்.

ஜனவரி 22

எழுத ஒன்றுமில்லை.

ஜனவரி 24

அதே பட்டியலை இரண்டாவது மென்பொருளில் போட்டேன். வாரக் கணக்கு. முதல் வாரம் மேட்டுத் தெருவில் ஐந்து புள்ளிகள். அது பரப்புகிற நிறத்தில் கண்ணுக்கே தெரியாத ஒரு சாயல். மூன்றாவது வாரம் கீழ்க் குடியிருப்பு சிவப்பாகக் கொதித்து எழுகிறது. பார்க்கிற எவரும் அங்கேதான் தொடங்கியது என்பார்கள்.

ஒரு புள்ளியைக்கூட நான் மாற்றவில்லை. ஒரு தேதியைத் திருத்தவில்லை. மென்பொருளைத் தேர்ந்தெடுக்கத்தானே சொன்னார்கள்?

அவனிடம் எப்படிச் சொல்வேன், எவன் வேலை என்று? கேட்டால் உயிரோடு இருப்பானா?

ஜனவரி 27

வேறொன்றும் யோசித்தேன். ஜனவரி பத்துக்குப் பிறகு பட்டியலில் புதுப் புள்ளி இல்லை. அப்படியென்றால் அவன் எப்போதோ போய்க் கப்ளிங் மாற்றியிருக்க வேண்டும். பழைய கப்ளிங் ஒன்று வண்டியிலேயே கிடந்திருக்கும். அதனால்தான் ஸ்டோரில் எழுதவில்லை. நிச்சயம் அப்படித்தான்.

கேட்டுவிடலாம், ஒரு வார்த்தை. கேட்கவில்லை.

ஜனவரி 30

இரண்டாவதைப் பரிந்துரைத்து எழுதிக் கொடுத்தேன். 'பார்ப்பதற்கு எளிது. குழுவினருக்கு உகந்தது.' பெரியவர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

பிப்ரவரி 3

குழுக் கூட்டம். படம் ஓடியது. யாருக்கும் கண் உறுத்தவில்லை. கீழ்க் குடியிருப்பில் அனுமதியில்லாமல் இழுத்த இணைப்புகள் வழியாகச் சாக்கடை கலந்திருக்கிறது என்று முடிவு. எல்லாவற்றையும் துண்டிக்க உத்தரவு. டாக்டரம்மா மட்டும், "நாள் நாளா ஓட்டிப் பாக்க முடியாதா மேடம்?" என்றார்.

"இதுல வாரக் கணக்குதான்" என்றேன். பொய் இல்லை.

பிப்ரவரி 5

தம்பி சாயங்காலம் வந்து தானாகவே தட்டை எடுத்து வைத்துக்கொண்டான். டிசம்பருக்குப் பிறகு முதன்முறையாக இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

"இருபத்தெட்டு இணைப்பு. ஒண்ணு விடாம நானே வெட்டினேன்க்கா. ஒரு கிழவர் காலைப் பிடிச்சார். 'என் பொண்டாட்டியக் கொன்னுட்டு இப்ப காலைப் புடிக்கிறீங்களா'ன்னு கேட்டேன்."

என் தட்டை ஓரமாக நகர்த்தினேன். "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டு என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தான்.

பிப்ரவரி 10

டிசம்பர் முதல் வாரத்திலிருந்து காய்ச்சிக் குடிக்கச் சொன்ன தண்ணீரை இனிக் காய்ச்ச வேண்டாம், பயமில்லை என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போகிறார்கள். நான் இன்னும் காய்ச்சுகிறேன்.

ஏன் காய்ச்சுகிறேன்?

பிப்ரவரி 19

அலுவலகம் போகும் வழியில் கீழ்க் குடியிருப்புப் பெண்கள். குடங்களோடு பாலத்தைத் தாண்டி நடக்கிறார்கள். ஒருத்தி தவலையை இறக்கி வைத்து இடுப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பேருந்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மார்ச் 6

சின்னவளின் அலமாரியைத் திறந்தேன். ஒரு டப்பா நிறையத் துணிக் கிளிப்புகள். எல்லாம் என்னுடையவை. திருடி அவள்தான்! சிரிப்பு வந்தது. அப்புறம் நிறுத்த முடியவில்லை, அது சிரிப்பாகவும் இல்லை.

மார்ச் 20

டாக்டரம்மா போன் செய்தார்.

"மேடம், மறுபடி வந்துடுச்சு. மூணு பேர். மூணும் மேட்டுத் தெரு. கீழ்க் குடியிருப்புலதான் தண்ணியே இல்லையே, அப்புறம் எங்கிருந்து வருது?"

சுவர் நாள்காட்டியில் வாரங்களைப் பின்னோக்கி எண்ணினேன்.

"ஒருத்தி ஆறு மாசக் கர்ப்பிணி. இப்பவே அட்மிட் பண்ணிட்டேன். மேடம், இருக்கீங்களா?"

பிப்ரவரி 10 முதல் ஐந்து வாரம். கணக்கு அப்படியே பொருந்துகிறது. அவன் கப்ளிங் மாற்றவே இல்லை. ஜனவரியில் புள்ளிகள் நின்றது ஜனங்கள் தண்ணீரைக் காய்ச்சியதால். இது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் தெரியாத மாதிரி இருந்திருக்கிறேன். எழுதும்போதே அசிங்கமாக இருக்கிறது.

மார்ச் 21, காலை

வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவனை உட்காரச் சொன்னேன். மடிக்கணினியைத் திறந்து இலவச மென்பொருளில் நாள் நாளாக ஓட்டினேன்.

"திருப்பிப் போடு."

போட்டேன்.

"இன்னொரு தரம். மெதுவா."

மூன்றாவது முறை ஐந்தாம் புள்ளி வந்ததும் அவனே நிறுத்தினான். திரையில் வளைவின் மேல் விரலை வைத்தான்.

"இது தபால் ஆபீஸ் எதிர்த்தாப்புல இருக்கிற வளைவு."

"ஆமாம்."

"இங்க நான்..." நிறுத்தினான். "ரப்பர் ஷீட்டைச் சுத்திக் கம்பி கட்டினேன். ஸ்கேனுக்கு நேரமாச்சு. மறுநாள் வந்து மாத்தணும்னு நினைச்சேன். மறுநாள் வேற பக்கம் மெயின் பைப் உடைஞ்சுது, அங்க போயிட்டேன்." விரலை எடுத்துக்கொண்டு, "மறந்தே போச்சுக்கா" என்றான்.

அழுவான் என்று நினைத்தேன். கத்துவான், எதையாவது உடைப்பான் என்று நினைத்தேன். கையைப் பிடித்துக்கொள்ளத் தயாராகப் பக்கத்தில் நின்றேன்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"ஜனவரி."

"ஜனவரியா?" எழுந்தான். "ரெண்டு மாசமா? என்னை விட்டு அந்த ஜனங்க குழாயை வெட்ட வெச்சியா? பாத்துக்கிட்டே இருந்தியா?"

"நீ ஏதாவது பண்ணிக்குவியோன்னு..."

"இப்ப ஆஸ்பத்திரியில கிடக்குதே ஒரு பொண்ணு, அதுக்கு யார் பதில் சொல்றது? நீயா, நானா?"

பதிலுக்கு நிற்கவில்லை. செருப்பைக்கூட மாட்டாமல் போய்விட்டான்.

மார்ச் 21, மாலை

அவனோடு வேலை பார்க்கும் ஃபிட்டர் வந்து சொன்னார். பத்து மணிக்கு வளைவில் தோண்டத் தொடங்கியிருக்கிறான். யாரையும் கடப்பாரையைத் தொட விடவில்லையாம். நான்கடி ஆழத்தில் குழாய் சாக்கடைத் தண்ணீருக்குள் கிடந்திருக்கிறது. ரப்பரைத் தொட்டதும் நனைந்த அட்டை மாதிரிக் கையோடு வந்துவிட்டதாம்.

"பள்ளத்துக்குள்ளயே உக்காந்துட்டார்க்கா. நாங்க மேலேர்ந்து கூப்பிடுறோம், காதுலயே விழல. அப்புறம் அவரே எழுந்து கப்ளிங் கேட்டார். போட்டு முடிச்சுட்டு, அந்த ரப்பரை ஒரு பையில போட்டுக்கிட்டு நேரா பெரியவர்கிட்ட போயிட்டார்."

தன் தவறை எழுதிக் கொடுத்துவிட்டான். இனிமேல் ஃபிட்டர் வீட்டு மாடியில் இருக்கப் போகிறானாம். இரண்டு சட்டை கேட்டனுப்பியிருந்தான். ஐந்து வைத்துக் கொடுத்தேன்.

மார்ச் 24

நானும் எழுதிக் கொடுத்தேன். நாள்வாரிப் படம், பதிவேட்டு நகல், ஒரு பக்கக் கடிதம். 'இதை ஜனவரி 21 அன்றே கண்டேன். தெரிவிக்கவில்லை.'

பெரியவர் அந்த வரியில் பேனாவை வைத்தார். "இது எதுக்கும்மா? இப்பத்தான் கண்டுபிடிச்சேன்னு எழுதுங்க. உங்க தம்பி தப்பு, அவரே ஒத்துக்கிட்டார். நீங்க ஏன் தலையைக் குடுக்கறீங்க?"

"இருக்கட்டும் சார்."

அவர் குரலில் இருந்தது நிஜமான அக்கறைதான். அதுதான் தாங்க முடியவில்லை.

மார்ச் 26

டாக்டரம்மாவிடம் நேரில் போய்ச் சொன்னேன். முழுதும் கேட்டார். "நான் அன்னைக்கே கேட்டேனே மேடம்" என்றார். அவ்வளவுதான். மேடம் என்றுதான் சொன்னார், கடைசி வரைக்கும்.

ஏப்ரல் 4

அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். குழந்தை இல்லை.

ஏப்ரல் 5

ஆஸ்பத்திரி வாசல் வரை போனேன். உள்ளே போய் என்ன சொல்வேன், நான் யார் என்று? திரும்பிவிட்டேன்.

ஏப்ரல் 19

இன்னும் ஐந்து பேர். பழுது பார்த்த பிறகும் ஐந்து வாரம் வரை வரத்தான் செய்யும் என்று தெரியும். தெரிந்து என்ன? ஒவ்வொரு புள்ளியையும் நானே வைக்கிறேன். நூற்று ஐம்பத்தொன்று. கடைசி எட்டும் என் கணக்கு.

மே 8

என்னைப் பழைய கோப்புகள் அறைக்கு மாற்றிவிட்டார்கள். தூசு, ஒரு மின்விசிறி, ஜன்னல் திறக்காது. தம்பியின் விசாரணை முடிவதற்குள் அவனே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டான். எங்கேயோ ஒப்பந்தக்காரரிடம் கூலிக்குக் குழாய் போடுகிறான் என்று ஃபிட்டர் சொன்னார். என்னிடம் பேசவில்லை. நானும் போன் செய்யவில்லை. செய்தால் எடுக்க மாட்டான் என்பதைவிட, எடுத்துவிட்டால் என்ன பேசுவது என்ற பயம்.

வாங்கிய மென்பொருளை வீணாக்கக் கூடாது என்று பெரியவர் மரம் நட்ட கணக்கை அதில் ஓட்டுகிறாராம். ஊர் முழுக்க வாரம் வாரமாகப் பச்சை பரவுகிறது. ஊரில் மரத்தைத்தான் காணோம்.

மே 27

ஐந்து வாரத்துக்கு மேலாகிவிட்டது. புதுப் புள்ளி இல்லை. இந்த முறை யாரும் ஒலிபெருக்கி வைக்கவில்லை. வளைவுக்குக் கீழே ஒவ்வொரு வீட்டுத் தண்ணீரையும் டாக்டரம்மாவே எடுத்துச் சோதித்தாராம்.

வீட்டுக்கு வந்து இரண்டு பேருக்குச் சமைத்துவிட்டேன். மறதி.

ஜூன் 12

மதியம் போன். அவன் எண். கோப்புக் கட்டுகள் மேல் கைபட்டுச் சரிந்தன.

"கீழ்க் குடியிருப்புக்கு லைன் திரும்பப் போடறோம்" என்றான். அக்கா என்று சொல்லவில்லை. "பழைய குழாய் ரோட்டுக்கு எந்தப் பக்கம் போகுது? இங்க ஆளுக்கொண்ணு சொல்றாங்க."

"இடது பக்கம். கம்பத்துலேர்ந்து ஆறடி தள்ளி. மூணரை அடி ஆழம்." அதை வரைந்தவள் நான். படத்தைப் பார்க்கவே தேவையில்லை.

"சரி."

வைத்துவிடுவான் என்று நினைத்தேன். பின்னால் மண்வெட்டிச் சத்தம், யாரோ ஒரு பெண் தண்ணீர் எப்போது வரும் என்று கேட்கும் குரல்.

"ஜாயின்ட் போட்டதும் போட்டோ அனுப்பறேன். நீ பாத்துட்டுச் சொல்லு. அப்புறம்தான் மண்ணைத் தள்ளுவேன்."

மூன்றே முக்காலுக்கு வந்தது. ஈரமில்லாத பள்ளம், புதுக் கப்ளிங், ஓரத்தில் அவன் கட்டைவிரல். பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு பக்கம் மூன்று போல்ட்டு, மறுபக்கம் மூன்று. ஒவ்வொன்றையும் எண்ணினேன். மறுபடியும் எண்ணினேன்.

'மூடலாம்' என்று எழுதி அனுப்பினேன்.